பூட்டு மனசுல இல்ல சார்

போன வருடம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தன்னம்பிக்கைக் கூட்டம் ஒன்று நடந்தது. சித்தப்பா பையன் டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் துணையாகப் போனேன். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 300 ரூபாய். மேடையில் கோட் போட்ட ஒருவர், காதோரம் மைக், பின்னால் பெரிய திரை. திரையில் சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு மனிதரின் கறுப்பு வெள்ளைப் படம்.

"இவர் யார் தெரியுமா? ஹூடினி! உலகத்துல எந்தப் பூட்டும் இவரைக் கட்டிப்போட முடியாது!"

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிதாகக் கட்டிய சிறையில் ஹூடினியை அடைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவேன் என்று சவால் விடுகிறார். இரண்டு மணி நேரம் போராடியும் பூட்டு அசையவில்லை. களைத்துப்போய்க் கதவில் சாய்கிறார். கதவு திறந்துகொள்கிறது. அதை யாரும் பூட்டவே இல்லை.

"அப்போ பூட்டு எங்க இருந்துச்சு?"

மண்டபமே கத்தியது: "மனசுல!"

சித்தப்பா பையனும் கத்தினான். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தக் கட்டுரை அந்த எரிச்சலிலிருந்து எழுதப்படுவதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

*

முதலில் கதையைப் பார்ப்போம். சொல்பவர் யாரும் அது எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்வதில்லை. ஒருவர் லண்டன் என்பார், இன்னொருவர் அமெரிக்கா என்பார். இன்னொருவர் கதையில் சிறை பெட்டகமாகிவிடும். ஹூடினியின் வாழ்க்கையோ நாள்வாரியாகப் பதிவான வாழ்க்கை. விளம்பரத்துக்காகவே உயிரோடிருந்த மனிதர் அவர். போன ஊரிலெல்லாம் பத்திரிகைக்காரர்களை முதலில் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் கையை நீட்டி விலங்கு மாட்டச் சொல்வார்.

இயற்பெயர் எரிக் வைஸ். 1874 மார்ச் 24 அன்று புடாபெஸ்ட்டில் பிறந்தார். அப்பா யூத ரபி. 1878இல் குடும்பம் அமெரிக்காவின் ஆப்பிள்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்கு அங்கே வேலை நிலைக்கவில்லை, வறுமை. பையன் சிறு வயதிலேயே சம்பாதிக்கக் கிளம்பினான். பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஹூடின் பெயரிலிருந்து தன் மேடைப் பெயரை எடுத்துக்கொண்டான். 1899இல் மார்ட்டின் பெக் என்ற நாடக முதலாளி கண்ணில் படும்வரை ஏறக்குறைய பட்டினிக் கலைஞன்தான்.

பூட்டு விஷயத்துக்கு வருவோம். 1904 மார்ச் 17, லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கு. ஒரு பத்திரிகை சவால் விட்டு ஒரு கைவிலங்கைக் கொண்டுவந்தது. பர்மிங்காம் கொல்லர் ஒருவர் ஐந்து வருடம் உழைத்துச் செய்தது என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க ஹூடினி திரைக்குப் பின்னால் போனார். நடுவில் வெளியே வந்து, கோட்டைக் கழற்ற வேண்டும், விலங்கைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டார். மறுத்தார்கள். பேனாக்கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தன் கோட்டைத் தானே கிழித்தெறிந்தார். ஒரு மணி பத்து நிமிடம் கழித்து விலங்கில்லாமல் வந்தார். எப்படித் திறந்தார், சவாலே பேசிவைத்த நாடகமா என்று இன்றுவரை வித்தைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் சண்டை கிடையாது: அந்தப் பூட்டு மனசுல இல்ல, கையில இருந்துச்சு. இரும்பால் செய்தது.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஹூடினி பார்த்தது பாதுகாப்புச் சோதனை. ஒரு பூட்டுக்குள் என்ன இருக்கிறது, அதைச் செய்தவன் எங்கே சோம்பல்பட்டிருப்பான், எந்த விலங்கு ஒரே சாவிக்குத் திறக்கும் என்று உட்கார்ந்து படித்தார். வீட்டிலேயே பெரிய தண்ணீர்த்தொட்டி வைத்து மூச்சடக்கிப் பழகினார். உதவியாளர்கள், தச்சர்கள், மறைத்துவைத்த கருவிகள் என்று பின்னால் ஒரு பட்டறையே இருந்தது. "மனசைத் திற, கதவு திறக்கும்" என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு மனசில் என்ன பூட்டு இருக்கிறது? வேலை இல்லை. இருக்கிற வேலைக்குக் கொடுக்கிற சம்பளத்தில் பைக்குக்குப் பெட்ரோல்கூடப் போட முடியாது. இதெல்லாம் வெளியே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொங்குகிற பூட்டு. அதைப் பார்க்காதே, உன் மனசைப் பார் என்று சொல்வதற்கு வித்தைக்காரர்கள் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது: கவனம் திருப்புதல். வலது கை வேலை செய்யும்போது இடது கையைப் பார்க்க வைப்பது.

எனக்கு இது ஒன்பது வயதிலேயே தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

*

அப்பா ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஆலையை மூடினார்கள். பாக்கிச் சம்பளம் வரும் வரும் என்று மாசக்கணக்கில் போனது. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு மந்திரவாதி வந்தார். யார் கூட்டிவந்தார்கள் என்று நினைவில்லை. வெற்றிலையில் மை போட்டுப் பார்த்துவிட்டு, "செய்வினை இருக்கு. வீட்டுக்குள்ளயே புதைச்சிருக்கு" என்றார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தோண்டச் சொன்னார். அப்பா கடப்பாரையால் தோண்டினார். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மந்திரவாதிக்குச் சட்டைகூட இல்லை, இடுப்பில் ஒரு காவி வேட்டி மட்டும்தான். எல்லோரும் பார்க்க அந்தச் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு பிடி சேற்றை அள்ளி எடுத்தார். கழுவினால் உள்ளே சுருட்டிய செப்புத் தகடு, அதைச் சுற்றி முடி. ஆச்சி ஓவென்று அழுதார். அம்மாவின் கழுத்துச் சங்கிலி, மூன்று பவுன், அன்றைக்குப் போனது.

போகும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "வெளியாள் இல்ல. சொந்தம்தான். தெக்குப் பக்கத்து வீடு."

தெற்குப் பக்கத்து வீடு அத்தை வீடு, அப்பாவின் உடன்பிறந்த தங்கை.

அந்த ஆடிப்பூரத்துக்கு அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போனார். பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள்தான். ஆண்டாள் பிறந்த நட்சத்திரம், ஊர் முழுக்கக் கூட்டம். பால்கோவா கடைகள் தாண்டி ஒரு மூலையில் ஒருவர் தரையில் துணி விரித்துச் செப்படி வித்தை காட்டிக்கொண்டிருந்தார். மூன்று கிண்ணம், ஒரு உருண்டை. என்னைக் கூப்பிட்டுக் கையில் ஒரு பிடி ஈர மண்ணைக் கொடுத்து, பிசையச் சொல்லி வாங்கினார். பிளந்தார். உள்ளே ஒரு ரூபாய்க் காசு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டம் கலைந்ததும் போய் நின்றேன். "அண்ணாச்சி, இதுக்கு மந்திரம் படிச்சீங்களா?"

அவர் சிரித்தார். காசை உள்ளங்கையில் இடுக்கிக் காட்டினார். கையை விரித்தால் தெரியவில்லை, மண்ணை வாங்கும்போது மண்ணோடு சேர்கிறது. "மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. பழக்கம்ப்பா. மந்திரம்னு சொன்னா இதுக்கு நூறு மடங்கு காசு கொடுப்பானுங்க. நான் வித்தைன்னு சொல்லித்தான் காட்டுவேன்."

அப்பா அவருக்கு இரண்டு ரூபாய் போட்டார். கொஞ்ச நேரத்தில் லத்தியோடு ஒருவர் வந்து, "ஏய், வழிய மறைக்காத, எடு எடு" என்று துணியைக் காலால் தள்ளினார். மண்ணில் சிதறிய கிண்ணங்களை அவர் பொறுக்கினார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன்: "அப்பா, தகடு எடுத்தவரும் இப்படித்தான எடுத்திருப்பாரு?" அப்பா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அம்மாட்ட சொல்லாத" என்றார்.

இரண்டு மனிதர்கள், ஒரே கைவித்தை. வித்தை என்று சொன்னவருக்கு இரண்டு ரூபாயும் ஒரு உதையும். மந்திரம் என்று சொன்னவருக்கு மூன்று பவுன்.

*

ஹூடினியை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அவர் பூட்டுத் திறந்த கதைகளால் அல்ல, கடைசி சில வருடங்களால். தன்னம்பிக்கை மேடைகளில் யாரும் அதைச் சொல்வதில்லை.

அவருடைய அம்மா 1913இல் இறந்தார். மகன் அப்போது ஐரோப்பாவில். அந்தத் துக்கத்திலிருந்து அவர் மீளவேயில்லை. முதல் உலகப் போர் முடிந்த காலம். பிள்ளைகளை இழந்த லட்சக்கணக்கான தாய்மார்களிடம் "உங்கள் மகனோடு பேச வைக்கிறோம்" என்று ஆவி எழுப்புகிறவர்கள் கடை விரித்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலே அதை நம்பினார். அவர் ஹூடினியின் நண்பர். 1922 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் டாயிலின் மனைவி, ஹூடினியின் அம்மா தன் மூலமாக எழுதுகிறார் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார்.

ஹூடினி அதைப் படித்தார். முழுக்க ஆங்கிலம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. தலைப்பில் சிலுவைக் குறி. அம்மா ஒரு ரபியின் மனைவி. அன்று அம்மாவின் பிறந்தநாள், கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நம்ப ஆசைப்பட்டுத்தான் அவர் அந்த அறைக்குள் போனார். அதன்பின் ஊர் ஊராகப் போய் ஆவித் தொழில்காரர்களின் வித்தையை மேடையில் செய்துகாட்டி உடைத்தார். மாறுவேடத்தில் போய்ப் பிடித்தார். 1924இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழின் பரிசுக் குழுவில் இருந்து, பாஸ்டனில் புகழ்பெற்றிருந்த மார்ஜரி என்ற ஆவி ஊடகப் பெண்மணியின் பித்தலாட்டத்தை அம்பலப்படுத்தினார். 1926இல் வாஷிங்டனில் காசு வாங்கிக் குறி சொல்வதைத் தடைசெய்யும் மசோதாவுக்காக நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். மசோதா தோற்றது.

அதே வருடம் ரஹ்மான் பே என்ற எகிப்திய ஃபக்கீர், தனக்கு யோக சக்தி இருப்பதாகச் சொல்லி மூடிய பெட்டிக்குள் ஒரு மணி நேரம் தண்ணீருக்கடியில் கிடந்தார். 52 வயது ஹூடினி ஆகஸ்ட் 5 அன்று நியூயார்க்கின் ஷெல்டன் ஹோட்டல் நீச்சல் குளத்தில் அதே போன்ற பெட்டிக்குள் 1 மணி 31 நிமிடம் கிடந்தார். வெளியே வந்து சொன்னது: சக்தி ஒன்றும் இல்லை, பதறாமல் மெதுவாக மூச்சு விட்டேன். அதோடு நிற்கவில்லை. குறிப்புகளை அமெரிக்கச் சுரங்கத் துறையின் மருத்துவர் ஒருவருக்கு எழுதி அனுப்பினார். சுரங்கத்தில் சிக்கிக்கொண்ட தொழிலாளிக்குப் பயன்படுமே என்று.

வித்தை தெரிந்தவனுக்கும் சித்தன் வேஷம் போடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒருவன் நுட்பத்தைத் தொழிலாளிக்கு அனுப்புகிறான். இன்னொருவன் அதைச் சக்தி என்று சொல்லிக் காசாக்குகிறான்.

*

"அவர் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். இல்லை. பிறந்த ஊர் ஆப்பிள்டன் என்று வாழ்நாள் முழுக்கப் புளுகினார். யாரிடமிருந்து பெயரை எடுத்தாரோ அந்த ராபர்ட் ஹூடினைத் திட்டி 1908இல் ஒரு புத்தகமே போட்டார். இளமையில் 1893 சிகாகோ கண்காட்சியில் இந்து ஃபக்கீர் வேஷம் கட்டினார்.

அவர் மேடையில் வருடக்கணக்கில் காட்டிய ஒரு வித்தை: ஊசிகளையும் நூலையும் தனித்தனியாக விழுங்கிவிட்டு, நூலில் கோத்த ஊசிகளாக வாயிலிருந்து இழுப்பது. அதற்கு அவர் வைத்த பெயரே கிழக்கிந்திய ஊசி வித்தை. அவருக்கு எண்பது வருடம் முன்னாலேயே ராமோ சாமி என்று அழைக்கப்பட்ட இந்தியர் ஒருவர் இங்கிலாந்து மேடைகளில் மணிகளையும் குதிரை முடியையும் விழுங்கி, கோத்த மாலையாக எடுத்துக்காட்டினார். ராமசாமி என்ற பெயரைத் துரைமார் வாயில் போட்டுக் கடித்தால் ராமோ சாமி. அந்தக் காலத்தில் லண்டனைக் கலக்கிய இந்திய வித்தைக்காரர்களை வைத்து வில்லியம் ஹாஸ்லிட் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார், அது இன்றும் வாசிக்கப்படுகிறது. ராமசாமி 1850இல் லண்டனில் செத்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல், உதவி கேட்டு அவர் மனைவி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஹூடினி தன் தண்ணீர்ச் சித்திரவதைப் பெட்டியை யாரும் திருடாதிருக்க, அதை ஒரு நாடகமாக எழுதி ஒரே ஒரு பார்வையாளர் முன் நடித்துக்காட்டிக் காப்புரிமை வாங்கினார். ராமசாமிக்கு அந்த வசதி இல்லை.

வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்று முடித்துக்கொண்டால் நமக்குச் சௌகரியம். நாம் என்ன செய்தோம்? 1959இன் பம்பாய்ப் பிச்சை தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ காசு வாங்குவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. அந்தச் சட்டம் டெல்லிக்கும் போனது. 2018இல்தான் டெல்லி உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அங்கே ரத்து செய்தது. அதற்கு முந்தைய வருடம் டெல்லியில் வித்தைக்காரர்களும் பொம்மலாட்டக்காரர்களும் தலைமுறையாக வாழ்ந்த கட்புத்லி காலனி இடிக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் துணியைத் தள்ளிய அந்தக் கால் ஒற்றைக் கால் இல்லை.

அதே நேரம் "இந்தியக் கயிற்று வித்தை" என்று பெருமை பேசுவோம். கயிறு ஆகாயத்தில் நிற்க, பையன் ஏறி மறைவானாம். அப்படிச் சில பழங்கதைகள் உண்டு. ஆனால் அதை உலகப் புகழாக்கியது 1890 ஆகஸ்டில் ஒரு சிகாகோ பத்திரிகை விற்பனைக்காகக் கட்டிவிட்ட செய்தி. நாலு மாதம் கழித்து, பொய்தான் என்று அதுவே ஒப்புக்கொண்டது. மறுப்பை யாரும் படிக்கவில்லை. நடக்காத வித்தைக்குப் பெருமைப்படுகிறோம், நடக்கிற வித்தைக்காரனை விரட்டுகிறோம்.

*

இதில் இன்னொரு பழியும் இருக்கிறது, அது பார்வையாளர்களான நம் மேல். கொல்கத்தாவில் சஞ்சல் லாஹிரி என்று ஒரு வித்தைக்காரர், மேடைப் பெயர் மாண்ட்ரேக். 2013இல் கூண்டோடு ஹூக்ளி ஆற்றில் இறங்கித் தப்பிக்கும் வித்தையைச் செய்தார். கூண்டில் இருந்த கதவு வழியாக அவர் வருவதைக் கரையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். ஏமாற்றிவிட்டான் என்று அவரைத் தாக்கினார்கள். 2019 ஜூன் 16 அன்று கயிறும் சங்கிலியுமாகக் கட்டிக்கொண்டு அதே ஆற்றில் கிரேனிலிருந்து இறங்கினார். மறுநாள் உடல்தான் கிடைத்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வித்தை வித்தையாக இருந்ததற்காக ஒரு கலைஞனை அடித்த கூட்டத்தை எனக்குத் தெரியும். வித்தைக்காரனிடம் உண்மை அற்புதம் கேட்கும், அற்புதம் விற்பவனிடம் ஒரு கேள்வியும் கேட்காது.

ஹூடினி தண்ணீர்ப் பெட்டிக்குள் செத்தார் என்று இன்னமும் பலர் நம்புவதும் அதே பசிதான். அது 1953இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் பரப்பிய கதை. உண்மையில் மான்ட்ரியலில் ஒரு மாணவன் அவரது வயிற்றில் குத்தினான். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியதோடு, மருத்துவமனைக்குப் போகாமல் மேடை ஏறினார். 1926 அக்டோபர் 31 அன்று டெட்ராய்ட்டில் இறந்தார். சாதாரணச் சாவு. நமக்கு அது போதவில்லை.

*

இப்போது எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னது அம்மா.

அப்பா போன பிறகு ஒருநாள் அம்மாவிடம் அந்தத் தகடு விஷயத்தைச் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எனக்கு அன்னைக்கே சந்தேகந்தான். சேத்துல கிடந்த தகடு அம்புட்டுப் பளபளன்னா இருக்கும்? ஆனா உங்கப்பா அன்னைக்கு ராத்திரி தூங்குனாருப்பா. மூணு மாசமா தூங்காத மனுசன்."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? தன்னம்பிக்கைக் கூட்டத்துக்குப் போனவனும் அன்றிரவு நன்றாகத்தான் தூங்குவான். 300 ரூபாய்க்கு ஒரு ராத்திரித் தூக்கம் மலிவுதானே?

ரொம்ப நாள் யோசித்த பிறகு எனக்குக் கிடைத்த பதில், தெற்குப் பக்கத்து வீடு. அத்தையோடு அப்பா பதினோரு வருடம் பேசவில்லை. அத்தை பெண் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அத்தை எங்கள் வாசலைத் தாண்டும்போது ஆச்சி காறித் துப்புவார், நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினோரு வருடமும் ஆலையின் பாக்கிச் சம்பளத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. பேச வேண்டியதே இல்லாமல் போயிற்று. காரணம்தான் கிடைத்துவிட்டதே. தகட்டை வெளியே எடுத்தது சின்ன வித்தை. ஆலை முதலாளி மேல் இருந்த கோபத்தை எடுத்து ஒரு ஏழைப் பெண்ணின் தலையில் வைத்ததுதான் அவர் காட்டிய பெரிய வித்தை. அப்பாவின் தூக்கத்துக்கு அத்தை விலை கொடுத்தாள்.

கோட் போட்டவரும் இதையேதான் செய்கிறார், கொஞ்சம் நாகரிகமாக. அவர் பக்கத்து வீட்டைக் காட்டுவதில்லை, உன்னையே காட்டுகிறார். பூட்டு உன் மனசுல என்றால், வேலை கிடைக்காததற்கும் நீயே காரணம். சித்தப்பா பையன் இப்போது யாரையும் குறை சொல்வதில்லை. "நான்தான் சரியா முயற்சி பண்ணலண்ணே" என்கிறான். 43 இடத்துக்கு விண்ணப்பித்தவன்.

நான் கடவுள் நம்பிக்கைக்கு எதிராக இதை எழுதவில்லை. அம்மா இப்போதும் ஆடிப்பூரத்துக்கு ஆண்டாளைப் பார்க்கப் போகிறாள். ஆண்டாள் அவளிடம் மூன்று பவுன் கேட்டதில்லை, அத்தையைக் காட்டிக்கொடுத்ததும் இல்லை. மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட 2013இல் மாந்திரீக மோசடிக்கு எதிராகச் சட்டம் வந்தது. கர்நாடகத்திலும் வந்தது. பெரியார் பிறந்த மண் என்று பேசும் நாமும் அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் சட்டம் வந்தாலும் மந்திரவாதி கொல்லை வழியாக வருவார். அவரை முன்வாசலிலேயே நிறுத்தக்கூடியவர் வித்தை தெரிந்தவர். கோயம்புத்தூர் போத்தனூரில் பி. பிரேமானந்த் என்று ஒருவர் இருந்தார், 2009இல் இறந்தார். ஊர் ஊராகப் போய், சாமியார்கள் காட்டும் அற்புதங்களை எல்லாம் செய்துகாட்டி, எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தார். ஹூடினி என்று நாம் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஆகவே 300 ரூபாய் வைத்திருக்கும் தம்பிகளே, உங்கள் கல்லூரி விழாவுக்குக் கோட் போட்டவரைக் கூப்பிடாதீர்கள். ஒரு வித்தைக்காரரைக் கூப்பிடுங்கள். நல்ல சம்பளம் கொடுங்கள், மேடையில் நாற்காலி போடுங்கள். ஒரு பிடி சேற்றிலிருந்து தகடு எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக.

அப்பா சாவதற்கு ஒரு வருடம் முன்பு அத்தை வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த பொங்கலுக்கு அத்தை எங்கள் வீட்டுக்குக் கரும்பு அனுப்பினாள்.